டொம்கெட் எழும்பவில்லையா? அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போகும் வழி

காலை எட்டரை மணிக்குக் கொழும்பின் காலி வீதியில் வாகனங்கள் நகராமல் நிற்கும் நேரம் பார்த்துத்தான் தொலைபேசி அடிக்கும். "அண்ணா, சேர்வர் விழுந்துவிட்டது." வெள்ளவத்தையில் எங்கள் சிறிய அலுவலகத்துக்கு வேலை தரும் நிறுவனங்களில் பாதிக்கு மேல் ஜாவாவில் எழுதிய மென்பொருளை, அதை இணையத்தில் ஓட்டித் தரும் சேர்வர் நிரலான டொம்கெட்டில் ஓட்டுகின்றன. ஆகவே இந்த வாக்கியத்தை நான் கேட்காத வாரம் இல்லை. இதைப்போல ஒன்றுமே சொல்லாத வாக்கியமும் வேறில்லை.

நான் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: "திரையில் என்ன எழுதியிருக்கிறது? ஓர் எழுத்தும் விடாமல் வாசி." திரையில் வரும் பிழைச் செய்தியை நான்கு பேரில் யாராவது ஒருவர் எழுதியிருப்பார். உலாவி, முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கி டொம்கெட்டுக்கு அனுப்பும் என்ஜின்எக்ஸ், டொம்கெட், அதற்குள் ஓடும் உங்கள் செயலி. எழுதியவர் யார் என்று தெரிந்துவிட்டால் மற்ற மூவரின் கோப்புகளைத் திறந்து கைவைக்க வேண்டியதில்லை. கைவைத்துக் கெடுத்த கதைகள்தான் எனக்கு அதிகம் தெரியும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாடகைக்கு எடுத்த கிளவுட் கணினிகள் பெரும்பாலும் உலகப் பொது நேரமான யூடிசி நேரத்தில் ஓடும். கொழும்பில் 8.40க்கு நடந்த பிழை பதிவுக் கோப்பில் 03.10 என்றுதான் இருக்கும். புதிதாக வந்த ஒரு தம்பி 8.40ஐத் தேடி, "அந்த நேரத்தில் ஒரு பிழையும் இல்லை அண்ணா" என்று அரை நாளைக் கழித்தார். ஐந்தரை மணித்தியாலத்தைக் கழித்துவிட்டுத் தேடுங்கள்.

"இணைப்பு மறுக்கப்பட்டது" என்று உலாவி சொல்கிறது

இதைச் சொல்வது உலாவி. அந்தக் கணினி இருக்கிறது, ஆனால் நீங்கள் தட்டிய போர்ட்டில் (ஒரு நிரல் இணைப்புகளை வாங்கும் எண்ணிட்ட வாசல்) கேட்டுக்கொண்டிருப்பவர் எவரும் இல்லை என்று பொருள். உடனே மறுக்காமல் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தால் அது வேறு நோய். இடையில் தீச்சுவர் மறிக்கிறது. கிளவுட் கணக்கின் பாதுகாப்பு விதிகளில் டொம்கெட்டின் இயல்புப் போர்ட்டான 8080 திறந்திருக்கிறதா என்று பாருங்கள், டொம்கெட்டை விட்டுவிடுங்கள்.

மறுப்பு என்றால், அந்தப் போர்ட்டை யார் பிடித்திருக்கிறார்கள் என்று எஸ்எஸ் கட்டளையால் சேர்வரிலேயே பார்க்க வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. 8080ஐ ஏற்கனவே வேறொரு நிரல் பிடித்திருந்தால் டொம்கெட் செத்துப்போவதில்லை. "அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்" என்று தன் முதன்மைப் பதிவுக் கோப்பான கேட்டலினா பதிவில் ஒரு வரி எழுதிவிட்டு, கதவில்லாத வீடு மாதிரி உயிரோடு இருக்கும். சேவை நிலையைக் கேட்டால் பச்சை நிறத்தில் "ஓடுகிறது" என்றே வரும். பச்சையை நம்பி நான் ஒருமுறை வலையமைப்புக் கேபிளைக்கூட மாற்றியிருக்கிறேன்.

8005 இதற்கு நேர் எதிராக நடந்துகொள்ளும். அது டொம்கெட்டை நிறுத்தும் கட்டளையைக் கேட்பதற்கான போர்ட். ஒரே கணினியில் இரண்டாவது டொம்கெட் வைப்பவர்கள் சேர்வர்.எக்ஸ்எம்எல் கோப்பில் 8080ஐ 8081 ஆக்கிவிட்டு இதை மறந்துவிடுவார்கள். இரண்டாவது டொம்கெட் அழகாக எழும்பும், "சேர்வர் ஸ்டார்ட்டப்" என்று இத்தனை மில்லிவினாடி கணக்கும் எழுதும், அடுத்த வரியிலேயே தன்னைத் தானே மூடிக்கொள்ளும். எழும்பிய கையோடு படுத்துவிட்டது என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது 8005ஐத்தான்.

நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்கும்போது மட்டும் போர்ட் தகராறு வந்தால், பழைய டொம்கெட் இன்னும் சாகவில்லை. செயலி தொடங்கிய பின்னணி இழை (தனியாக ஓடும் வேலைத் தொடர்) ஒன்று தன் வேலையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தச் செயன்முறையைக் கொன்றுவிட்டுத் தொடங்கலாம். ஆனால் உண்மையான திருத்தம் நிரலாளர் கையில்தான் இருக்கிறது.

போர்ட் 80இல் நேரடியாகக் கேட்கவைக்க முயன்று "அனுமதி இல்லை" என்று வந்தால், லினக்ஸில் 1024க்குக் கீழுள்ள போர்ட்களைச் சாதாரணப் பயனர் பிடிக்க முடியாது என்பதுதான் காரணம். ரூட் பயனராக ஓட்டிவிடலாமே என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். முன்னால் என்ஜின்எக்ஸை வையுங்கள்.

தொடங்கும்போதே "அன்சப்போட்டட் கிளாஸ் வெர்ஷன்"

இது ஒரு நிமிட வேலை. செய்தியில் 61.0, 55.0 போன்ற எண்கள் இருக்கும். எந்த எண்ணிலிருந்தும் 44ஐக் கழியுங்கள், ஜாவாப் பதிப்பு கிடைக்கும். 52 என்றால் ஜாவா 8, 55 என்றால் 11, 61 என்றால் 17, 65 என்றால் 21. பெரிய எண் நிரல் தொகுக்கப்பட்ட பதிப்பு, சிறிய எண் உங்கள் சேர்வரில் ஓடுவது. டொம்கெட்டுக்கும் இப்படி ஒரு தகுதி வரம்பு உண்டு. டொம்கெட் 9க்கு ஜாவா 8 போதும், 10.1க்கு 11 வேண்டும், 11க்கு 17 வேண்டும்.

"நான் புதிய ஜாவா போட்டுவிட்டேன், கட்டளை வரியில் 17 என்றே காட்டுகிறது" என்பார்கள். நீங்கள் உள்நுழைந்திருக்கும் முனையத்தில் காட்டும். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி வழியாகத் தொடங்கும் டொம்கெட் உங்கள் பயனர் கணக்கின் பாஷ்ஆர்சி கோப்பை எட்டியும் பார்க்காது. ஜாவா_ஹோம் மாறியைச் சேவைக் கோப்பிலேயே எழுத வேண்டும்.

404 வருகிறது

404 என்றால் கேட்ட பக்கம் கிடைக்கவில்லை. முதலில் பக்கத்தின் அடியைப் பாருங்கள். டொம்கெட்டின் பெயரும் பதிப்பும் இருந்தால் அதைச் சொன்னது டொம்கெட். என்ஜின்எக்ஸ் என்று இருந்தால் கோரிக்கை டொம்கெட்டை எட்டவே இல்லை.

டொம்கெட்தான் சொல்கிறது என்றால், செயலி அங்கே இருக்கிறதா இல்லையா என்பது அடுத்த கேள்வி. செயலியை ஒரே பொதியாகக் கட்டிய வார் கோப்பின் பெயர்தான் முகவரியில் வரும் பெயர். பெரிய எழுத்து, சிறிய எழுத்துக் குழப்பத்தாலும் 404 வரும். முகவரியில் பெயரே இல்லாமல் திறக்க வேண்டுமானால் ரூட் என்ற பெயரை முழுவதும் பெரிய ஆங்கில எழுத்துகளில் வைக்க வேண்டும்.

பெயர் சரியாக இருந்தும் 404 என்றால், செயலி தொடங்கும்போதே விழுந்திருக்கலாம். கேட்டலினா பதிவில் ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட லிசனர்கள் தொடங்கவில்லை, முழு விவரம் உரிய பதிவுக் கோப்பில் இருக்கிறது என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். பலர் இந்த இடத்தில் சோர்ந்துவிடுகிறார்கள். அந்த "உரிய பதிவுக் கோப்பு" லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரும் திகதியும் கொண்டு அதே அடைவில் பக்கத்திலேயே கிடக்கிறது. அதைத் திறந்து, அடியிலிருந்து மேலாக, "கோஸ்ட் பை" (இதனால் வந்தது) என்று தொடங்கும் கடைசி வரியைத் தேடுங்கள். தரவுத்தளக் கடவுச்சொல் மாறியிருக்கும், அல்லது ஒரு ஜார் கோப்பு குறைந்திருக்கும். என் அனுபவத்தில் கடவுச்சொல்தான் அதிகம்.

எந்தப் பதிவிலும் பிழையே இல்லை, படங்களும் சாதாரண பக்கங்களும் திறக்கின்றன, கோரிக்கைக்குப் பதில் தரும் ஜாவாத் துண்டுகளான சேர்வ்லெட்களின் முகவரிகள் மட்டும் 404 என்கிறதா? டொம்கெட் பதிப்பைப் பாருங்கள். 10 அல்லது அதற்கு மேலே இருந்தால் காரணம் ஏறக்குறைய நிச்சயம். ஜாவா ஈஈ 2017இல் ஆரக்கிளிடமிருந்து எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குக் கைமாறியது, பழைய பெயரைப் பயன்படுத்தும் உரிமை மட்டும் கூடவே போகவில்லை. ஆகவே ஜாவாஎக்ஸ் என்று தொடங்கிய பொதிப் பெயர்கள் ஜகார்த்தா ஆயின. டொம்கெட் 9 பழைய பெயரையும் 10 புதிய பெயரையும் மட்டுமே அறியும். பழைய செயலியின் சேர்வ்லெட்களை டொம்கெட் 10 கண்ணால் பார்க்கும், அடையாளம் தெரியாது, பேசாமல் கடந்துபோகும். குறைசொல்லிவிட்டுப் போயிருந்தால் எத்தனையோ பேரின் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

இதற்கு வழி மூன்று. டொம்கெட் 9க்குத் திரும்பலாம். நிரலைத் திருத்தி மீண்டும் தொகுக்கலாம். அல்லது வெப்ஆப்ஸ் அடைவுக்குப் பக்கத்தில் வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈ என்ற அடைவை உருவாக்கி வாரை அதில் போட்டால், டொம்கெட் 10 தானே மாற்றி நிறுவிக்கொள்ளும். மூன்றாவது வழி நன்றாகவே வேலை செய்கிறது, ஆனாலும் நீண்ட காலத்துக்கு அதில் சாய்ந்திருக்க நான் விரும்பமாட்டேன்.

மேலாளர் பக்கம் 401, 403

டொம்கெட்டின் மேலாளர் பக்கம், செயலிகளை உலாவி வழியாகவே நிறுவவும் நிறுத்தவும் உதவுவது. அங்கே 401 என்றால் பெயரோ கடவுச்சொல்லோ பிழை. டொம்கெட்-யூசர்ஸ் கோப்பில் மாதிரி வரிகள் கருத்துக் குறிகளுக்குள் இருக்கும், உங்கள் வரியையும் அதற்குள்ளேயே எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். 403 என்றால் மேனேஜர்-ஜியூஐ என்ற பங்கு உங்களுக்குத் தரப்படவில்லை, அல்லது நீங்கள் அந்தக் கணினிக்கு வெளியிலிருந்து வருகிறீர்கள். மேலாளர் செயலியின் கான்டெக்ஸ்ட் கோப்பில் உள்ள ஒரு வால்வு உள்ளூர் முகவரியை மட்டுமே அனுமதிக்கும். அதை அழித்துவிடுங்கள் என்று அறிவுரை சொல்பவர்கள் பலர். பாதுகாப்பான தொலை உள்நுழைவான எஸ்எஸ்எச் அமைத்துத் தரும் சுரங்கம் வழியாக வாருங்கள் என்பது என் அறிவுரை. உலகத்துக்கே மேலாளர் பக்கத்தைத் திறந்துவைப்பது காலி வீதியில் கல்லாப்பெட்டியைத் திறந்துவைப்பதற்குச் சமம்.

தமிழ் எழுத்துகள் கெட்டு வருகின்றன

மும்மொழியில் படிவம் வாங்கும் ஊரில் இதுதான் என் அன்றாடச் சோறு. முதலில், கெட்ட எழுத்தின் உருவத்தை உற்றுப் பாருங்கள். உருவமே காரணத்தைச் சொல்லிவிடும்.

வெறும் பெட்டிகள் தெரிந்தால் அது எழுத்துரு இல்லாத கணினி. சேர்வருக்கு இதில் சம்பந்தம் இல்லை.

வட்டத்துக்குள் ஆங்கில ஆர் எழுத்துள்ள ® குறி திரும்பத் திரும்ப வந்தால், எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் வந்த தமிழை யாரோ மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன்-1 குறியேற்றம் என்று வாசித்துவிட்டார்கள். தமிழின் ஒவ்வோர் எழுத்துக் குறியீடும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட். தமிழ்ப் பகுதியின் முதற்பாதி எழுத்துகள் எல்லாவற்றுக்கும் நடுப் பைட் ஒன்றேதான், அது லத்தீன்-1இல் ® ஆகத் தெரிகிறது. சிங்களத்தின் நடுப் பைட் வேறு, அது பந்திக் குறியான ¶ ஆகத் தெரியும். ஆகவே ® மயமாக இருந்தால் விண்ணப்பித்தவர் தமிழில் எழுதியிருக்கிறார், ¶ மயமாக இருந்தால் சிங்களத்தில். எங்கள் அலுவலகத்தில் சிதைந்த பட்டியலைப் பார்த்தே மொழி பிரிக்கக் கற்றுவிட்டோம். நல்ல செய்தி என்னவென்றால், இந்த நிலையில் தரவு எதுவும் தொலையவில்லை.

கேள்விக்குறிகள் வரிசையாக வந்தால் கெட்ட செய்தி. எழுத்து எங்கோ தொலைந்துவிட்டது, சேமித்ததை இனி மீட்க முடியாது.

எந்தக் கட்டத்தில் தொலைந்தது என்று அறிய ஒரு சிறு சோதனை. படிவத்தில் "அம்மா" என்று எழுதிச் சேமியுங்கள். கண்ணுக்கு மூன்று எழுத்து, யூனிகோடில் அகரம், மகரம், புள்ளி, மகரம், கால் என ஐந்து. சரியாகச் சேமிக்கப்பட்டிருந்தால் பதினைந்து பைட். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் லெங்த் சார்பால் அந்தப் புலத்தின் நீளத்தைக் கேளுங்கள். 15 என்றால் சேமிப்பு சரி, காட்டும் பக்கத்தில்தான் கோளாறு. 5 என்றால் ஐந்து கேள்விக்குறிகள் உள்ளே உட்கார்ந்திருக்கின்றன. 30 அல்லது அதற்கு மேலே என்றால் ஒருமுறை சிதைந்ததை மறுபடி குறியேற்றிச் சேமித்திருக்கிறது.

30 வந்தால், படிவத்தின் உடலை டொம்கெட் லத்தீன்-1 என்று வாசிக்கிறது. சேர்வ்லெட் விதிப்படி வேறு சொல்லாவிட்டால் அதுதான் இயல்பு. டொம்கெட் 9இல் செயலியின் வெப்.எக்ஸ்எம்எல் கோப்பில் கோரிக்கைக்கும் பதிலுக்கும் யூடிஎஃப்-8 என்று இரண்டு வரிகள் எழுதினால் போதும். 10இலிருந்து டொம்கெட்டின் பொது வெப்.எக்ஸ்எம்எல் கோப்பிலேயே அவை இருக்கின்றன. 8.5 போன்ற பழையவற்றில் எழுத்துக் குறியேற்ற வடிகட்டியை இயக்க வேண்டும், அதுவும் மற்ற எல்லா வடிகட்டிகளுக்கும் முன்னால். வேறொருவர் முந்திக்கொண்டு ஒரே ஒரு புலத்தை வாசித்துவிட்டாலும் பிறகு சொல்லும் குறியேற்றம் செல்லாது. முகவரியில் வரும் தமிழ் மட்டும் கெடுகிறது என்றால் நீங்கள் டொம்கெட் 7 அல்லது அதற்கும் பழையதை வைத்திருக்கிறீர்கள். 8இலிருந்து முகவரிக்கு யூடிஎஃப்-8தான் இயல்பு.

5 வந்தால் சந்தேக நபர்கள் இருவர். ஒன்று, தரவுத்தளப் புலம் லத்தீன்-1 ஆக இருப்பது. யூடிஎஃப்8எம்பி4 ஆக்குங்கள். வெறும் யூடிஎஃப்8 போதாதா என்று கேட்பார்கள். மைஎஸ்கியூஎல்லில் அது மூன்று பைட்டோடு நின்றுவிடும். தமிழுக்குப் போதும், ஆனால் ஒரு தாய் மகளின் பெயருக்குப் பின்னால் நான்கு பைட் பிடிக்கும் பூ இமோஜி ஒன்றை ஒட்டிவிட்டால் படிவம் முழுவதும் நிராகரிக்கப்படும்.

மற்றவர் கொஞ்சம் தந்திரசாலி. கையால் தொடங்கினால் தமிழ் சரியாக வரும், சேர்வர் தானாக மறுதொடக்கம் ஆன பிறகு கேள்விக்குறியாகும். முன்பு மின்வெட்டுக் காலத்தில் ஒரு வாடிக்கையாளர், "கரண்ட் போய் வந்தால் தமிழ் போய்விடுகிறது" என்று சொன்னபோது நான் சிரித்தேன். அவர் சொன்னது முழு உண்மை. கையால் தொடங்கும்போது மொழியையும் எழுத்துக் குறியேற்றத்தையும் சொல்லும் லாங் என்ற சூழல் மாறி முனையத்திலிருந்து கிடைக்கிறது, சிஸ்டம்டி தொடங்கும்போது கிடைக்கவில்லை. ஜாவா 18க்கு முந்திய பதிப்புகள் அந்த மாறியைப் பார்த்துத்தான் இயல்புக் குறியேற்றத்தை முடிவுசெய்யும். டொம்கெட்டின் "பின்" (bin) என்ற அடைவில் செட்என்வ் கோப்பை உருவாக்கி, ஃபைல்.என்கோடிங் யூடிஎஃப்-8 என்று கேட்டலினா_ஆப்ட்ஸ் மாறியில் எழுதுங்கள். அல்லது ஜாவா 18க்கு மேலே போங்கள், அங்கே யூடிஎஃப்-8தான் இயல்பு.

502, 504, 413

மூன்றும் என்ஜின்எக்ஸ் பேசுவது. 502: டொம்கெட் எழும்பவில்லை அல்லது இன்னும் எழும்பிக்கொண்டிருக்கிறது. 413: கோப்பு பெரிது. என்ஜின்எக்ஸின் இயல்பு வரம்பு ஒரு மெகாபைட்தான், கைத்தொலைபேசியில் எடுத்த பிறப்புச் சான்றிதழ்ப் படம் அதைத் தாண்டிவிடும்.

504தான் யோசிக்க வைப்பது. டொம்கெட் உயிரோடு இருக்கிறது, ஆனால் அறுபது வினாடிக்குள் பதில் தரவில்லை. காத்திருப்பு நேரத்தைக் கூட்டிவிடுவது நோய்க்குப் பதில் வெப்பமானியை மாற்றுவது. ஜேஸ்டாக் கட்டளையால் இழைகள் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். எல்லாம் தரவுத்தள இணைப்புக்காகக் காத்திருந்தால், இணைப்பை வாங்கியவர்கள் திருப்பித் தருவதில்லை. இணைப்புகளைச் சேர்த்துவைத்துக் கடன் தரும், டொம்கெட் இயல்பாகப் பயன்படுத்தும் இணைப்புக் குளத்தின் இயல்பு அளவு எட்டு, காத்திருப்புக்கு இயல்பான எல்லை கிடையாது. எட்டுப் பேர் வாங்கிக்கொண்டு போனால் ஒன்பதாவது ஆள் காலவரையின்றி நிற்பார்.

கோப்பு எழுத முடியவில்லை, அனுமதியோ 777

டெபியன், உபுண்டுப் பொதியாக நிறுவிய டொம்கெட்டில் இது வரும். "ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்" என்று பதிவில் இருக்கும். சிஸ்டம்டி சேவைக் கோப்பே டொம்கெட்டைக் கூண்டில் வைத்திருக்கிறது, வட்டில் ஒரு குறையும் இல்லை. சேவைக்கு ஒரு மேலதிகக் கோப்பு எழுதி, அதில் ரீட்ரைட்பாத்ஸ் வரியில் உங்கள் அடைவைச் சேருங்கள். எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777ஐ மறக்காமல் திருப்பி எடுத்துவிடுங்கள்.

சத்தமில்லாமல் காணாமல் போகிறது

கேட்டலினா பதிவு பாதி வரியில் நின்றிருக்கும், பிழை எதுவும் இருக்காது. லினக்ஸ் கெர்னல் நினைவகம் போதாமல் டொம்கெட்டைக் கொன்றிருக்கிறது. டிமெசெஜ் கட்டளையில் "கில்ட் புராசஸ்" என்று தேடுங்கள். இரண்டு கிகாபைட் கணினியில், ஜாவா தன் தரவை வைக்கும் ஹீப் என்ற நினைவகப் பகுதிக்கே இரண்டு கிகாபைட் கொடுத்திருப்பார்கள். ஹீப்புக்கு வெளியே மெட்டாஸ்பேஸ், இழைகளின் அடுக்குகள் எல்லாம் இடம் கேட்கும். பாதியோடு நிறுத்துங்கள். அந்த அளவையும் ஜாவா_ஆப்ட்ஸில் எழுத வேண்டாம், கேட்டலினா_ஆப்ட்ஸில் எழுதுங்கள். முன்னதை நிறுத்தும் கட்டளையும் எடுத்துக்கொள்ளும், நிறுத்துவதற்கென்று இன்னொரு பெரிய ஜாவா எழும்பும்.

பிறந்த திகதி ஒரு நாள் குறைகிறது, சிலருக்கு மட்டும்

கணக்கியல் வகுப்பு நடத்தும் நிறுவனம் ஒன்றுக்குச் சேர்வர் மாற்றிக் கொடுத்த மறுவாரம் இந்த முறைப்பாடு வந்தது. மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் பிறந்த திகதி ஒரு நாள் முந்திக் காட்டுகிறது. ஆசிரியர்களுக்குச் சரியாக இருக்கிறது. இரண்டு நாள் எங்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தவறானவர்களை வயது வாரியாக அடுக்கிப் பார்த்தபோதுதான் வெளிச்சம் வந்தது. எல்லோரும் 1996 மே கடைசிக்கும் 2006 ஏப்ரல் நடுப்பகுதிக்கும் இடையில் பிறந்தவர்கள்.

அந்தப் பத்து ஆண்டுகளில் இலங்கையின் கடிகாரமே வேறு. 1996 மேயில் நாடு ஒரு மணித்தியாலம் முன்னால் போய் யூடிசி +6.30 ஆனது, ஒக்டோபரில் +6 ஆனது, 2006 ஏப்ரல் 15இல்தான் +5.30க்குத் திரும்பியது. ஜாவாவின் ஏசியா/கொழும்பு நேர வலயத்துக்கு இந்த வரலாறு தெரியும். பழைய சேர்வர் அந்த வலயத்தில் ஓடியது, பிறந்த திகதியை நள்ளிரவு நேரத்தோடு சேர்த்துச் சேமித்திருந்தது. புதிய சேர்வரில் நான் "ஜிஎம்டி+05:30" என்று எழுதிவிட்டேன். 2001இல் +6ஐ வைத்துக் குறித்த நள்ளிரவு, +5.30இல் முந்திய நாள் இரவு 11.30. திகதி ஒன்று கழன்றுவிட்டது.

யூசர்.டைம்சோன் அமைப்பை ஏசியா/கொழும்பு என்று மாற்றி மறுதொடக்கம் செய்ததும் திகதிகள் திரும்பின. பிறகு அந்தப் புலத்தை நேரமில்லாத வெறும் திகதி வகைக்கும், நிரலில் லோக்கல்டேட் வகைக்கும் மாற்றினோம். அந்த ஒரு வாரத்துக்குள் முகவரி மாற்றம் என்று யாராவது திறந்து மீண்டும் சேமித்த பதிவுகளில் தவறான திகதியே நிலைத்துவிட்டிருந்தது. அவற்றைப் பதிவுக் கோப்பிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, அந்த மாணவர்களிடம் பிறப்புச் சான்றிதழின் படத்தை மறுபடி கேட்டோம். அதில் இருவரின் படம் 413இல் நின்றது.